பிரிண்டருக்கு வைத்த பொட்டு

நாளை காலை மகளுக்கு நுழைவுத் தேர்வு. ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்தால் வெறும் வெள்ளைத் தாளாக வருகிறது.

ஆயுத பூஜை லீவு. பழங்காநத்தத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைகூடத் திறக்கவில்லை. மகள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

கோரிப்பாளையத்தில் இருக்கும் தோழி நூருக்கு வீடியோ கால் போட்டேன். அவள் வீட்டிலும் இதே பிரிண்டர்தான்.

"கார்ட்ரிட்ஜக் கழட்டிக் காட்டுடி. மேல என்ன அது, மஞ்சளா?"

"சந்தனம்," என்றேன். நேற்று பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தவர் என் கணவர்.

"எம்புட்டு சந்தனம்டி. காத்து போற ஓட்டைய அடைச்சா மை எப்படி இறங்கும்?"

பக்கத்தில் நின்றவர் மெதுவாக, "உள்ள இருக்கதும் ஆயுதம்தானே," என்றார்.

ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, துடைத்து மாட்டினோம். முதல் தாள் மங்கலாக வந்தது. அடுத்த தாளில் எழுத்து கன்னங்கரேலென்று இறங்கியது. மகளின் போட்டோவும் தெளிவு. அதன்பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அந்தத் தாளை இப்போது அவர் பூஜையறைக்குக் கொண்டுபோகிறார். நாலு மூலையிலும் சந்தனம் வைக்க வேண்டுமாம்.

நான் இன்னொரு தாள் எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். உங்கள் வீட்டில் இந்த வருடம் எதெது பொட்டு வாங்கியது?