மணி வந்த கம்பில் சாமியார் வந்தார்

நனைந்த கம்பளி வாடை...

மற்றவர்களுக்குக் கல்யாணம் என்றால் மல்லிகைப்பூ ஞாபகம் வரும். எனக்கு இந்த வாடைதான். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். மன்னவனூர் பக்கம் எங்கள் ஊர். பஸ் கிடையாது. ஆனால் கோயில் இருந்தது... என்ன கோயில் தெரியுமா! ஒவ்வொரு கல்லும் ஓடையிலிருந்து தலைச்சுமையாக வந்தது. எங்களைப் போல வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், கொஞ்ச வீடுதான், கல் சுமந்தது மொத்த ஊரும். கப்பலில் வந்த மணியை அடிவாரத்திலிருந்து ஒரு கம்பில் கட்டி, தோளிலேயே மலையேற்றினார்களாம். அந்தக் கம்பு மணிக்கூண்டு மூலையில் சாத்தியிருக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டுவிட்டுத்தான் பூசைக்குப் போவேன்.

பங்குச் சாமியார் ஊர் ஊராகச் சுற்றி, மாதம் ஒரு தடவை நடந்தே வருவார்.

என் கல்யாணம் கார்த்திகை மழையில், ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஆகமன காலம் ஆரம்பம். அப்புறம் கிறிஸ்துமஸ் முடியும்வரை எங்களில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளையோ பட்டாளத்துக்காரர். திங்கட்கிழமை ரயில் ஏறியாக வேண்டும். அடுத்த லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது.

அன்று காலை, சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சொட்டச் சொட்ட ஓடி வந்தார்.

"மரப்பாலத்த வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருச்சுங்க. சாமி அக்கரையில நிக்கிறாரு!"

பட்டுச்சேலையோடு உட்கார்ந்து அழுதேன். மாப்பிள்ளையை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இந்த வயதில் சொல்ல என்ன வெட்கம்?

பக்கத்து வீட்டுக் கருப்பையா மாமா, பூண்டு விவசாயி, நெற்றி நிறையத் திருநீறு. கம்பளியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"எங்க தாத்தன் மணியவே தூக்கியாந்தாரு. மணிய விடவா சாமி கனம்? ஏலே, அந்தக் கம்ப எடுங்கடா! தாயி, நீ கண்ணத் தொடச்சுக்க. வெரசா வந்துருவோம்."

கம்பில் கம்பளியைக் கட்டி டோலியாக்கினார்கள். ஊரில் நோயாளிகளை அப்படித்தான் கொண்டுபோவோம். இடுப்பளவு வெள்ளம், நாலு பேர் தோள். சாமியார் நல்ல ஆகிருதியான வெள்ளைக்காரர். நடு ஓடையில் "மெதுவா, மெதுவா" என்று அலறினாராம்.

"சும்மா இருங்க சாமி, மணி இப்பிடியெல்லாம் கத்தலயாம்" என்றாராம் மாமா.

சாமியார் நடுங்கிக்கொண்டே லத்தீனில் பூசை வைத்தார். அங்கி விளிம்பிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது. எங்களுக்குப் பின்னால் ஈரக் கம்பளியோடு ஊரே நின்றது. தாலி ஏறியதும் மணி அடித்தது. கயிறு இழுத்தது கருப்பையா மாமாதான். இப்படிப்பட்ட மனுஷர்களோடு வாழக் கொடுத்து வைத்திருந்தேன்.

இப்போது கான்கிரீட் பாலம், தார் ரோடு. சாமியார் பைக்கில் வருகிறார். பூசை தமிழில், எங்கள் முகத்தைப் பார்த்து. நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன்.

போன வருஷம் என் வீட்டுக்காரர் போய்விட்டார். கோயிலுக்குக் கொண்டுபோக வண்டி வந்து வாசலில் நின்றது. கருப்பையா மாமாவின் பேரன்கள் வந்தார்கள். மூத்தவன் டிரைவரிடம் சொன்னான்.

"வண்டி வேணாம்ணே. இந்தக் கோயிலுக்கு நாங்க தூக்கித்தான் பழக்கம்."

தூறலில் நானும் பின்னாலேயே நடந்தேன். பையன்கள் எல்லாரும் ஜெர்கின் போட்டிருந்தார்கள், ஒருத்தன் மேலும் கம்பளி இல்லை. ஆனாலும் கோயில் வாசல்வரை எனக்கு அந்த வாடை வந்துகொண்டே இருந்தது.