அரிச்சல்முனைக்குப் போகாத பஸ்

1. டிக்கி திறந்தது

போலீஸ்காரர் டிக்கியைத் திறக்கச் சொன்னபோது நான் பஸ்ஸின் படியில் நின்று சுண்டல் பொட்டலம் எண்ணிக்கொண்டிருந்தேன். ராமநாதபுரம் தாண்டி ஒரு செக்போஸ்ட். உள்ளே நாற்பது பெண்கள். எல்லாரும் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறவர்கள். டிக்கியில் பன்னிரண்டு அட்டைப்பெட்டி. அவ்வளவும் பட்டாசு.

எங்கள் டிராவல்ஸ் ஆபீஸுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள், "அக்கா, ஒவ்வொரு பஸ் கெளம்பும்போதும் டிக்கிய நீங்களே குனிஞ்சு பாக்கீகளே, எதுக்கு?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால் அமைதியாக எழுத வராது.

2. பிளான்

சிவகாசியில் இருபத்து மூன்று வருஷமாக டிரிப் பிளான் போடுகிறேன். ராமேஸ்வரம் தீவுக்கு மட்டும் எத்தனை பிளான் போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. எல்லாரும் செய்கிற தப்பு, முதலில் கோயிலுக்குப் போவது. தீர்த்தமாடி, கும்பிட்டு, சாப்பிட்டு முடிப்பதற்குள் உச்சிவெயில் வந்துவிடும். அதற்குப் பிறகு தீவின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போனால் மணலில் கால் வைக்க முடியாது. பத்து நிமிஷத்தில், "ஏசியப் போடுங்கண்ணே" என்று பஸ்ஸுக்குள் ஏறிக்கொள்வார்கள்.

நான் அதை அப்படியே மாற்றிப்போட்டேன். விடியுமுன் நாலு மணிக்கு ஏறினால் எட்டரைக்குப் பாம்பன் பாலம். நேராகத் தனுஷ்கோடி ரோட்டைப் பிடித்து ஒன்பதரைக்கு அரிச்சல்முனை. போகும்போது இடது பக்கம் அலையில்லாத கடல். அந்த ஊர்க்காரர்கள் அதைப் பெண்கடல் என்பார்கள். வலது பக்கம் இரைந்துகொண்டு கிடப்பது ஆண்கடல். போகும்போது ஒரு கடலைப் பார்த்தவர்கள் வரும்போது அதே சீட்டில் இருந்தால்தான் இன்னொன்றைப் பார்க்கலாம், அதனால் யாரும் சீட் மாறக்கூடாது என்றும் எழுதினேன். மதியம் சாப்பாடு, மூன்று மணிக்கு மேல் கோயில், ஐந்துக்குக் கிளம்பிவிட வேண்டும். பெண்கள் போகிற பஸ்ஸுக்குப் பிளான் என்றால் முதலில் பாத்ரூம்தான். அந்த ரோட்டில் நிழலும் கிடையாது, மறைப்பும் கிடையாது. எங்கே நிறுத்துவது என்பதைக்கூட விசாரித்து வைத்திருந்தேன்.

பொங்கல் லீவில் கம்பெனியே கூட்டிப்போகிற டிரிப். பெயர் எழுதிக்கொள்ள நான் அவர்கள் ஊருக்குப் போயிருந்தபோது பேச்சியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நாற்பது வயதிருக்கும். பதினாறு வருஷமாகப் பட்டாசுக் குழாயில் வெடிமருந்து செலுத்துகிற வேலை. கடலைப் பார்த்ததே இல்லை.

"அக்கா, அங்கன தண்ணிக்குள்ள எறங்கி நிக்க விடுவாகளா?"

"குளிக்க விடமாட்டாங்க. கால் நனையிற மட்டும் நிக்கலாம்."

"எம்புட்டு நேரம்?"

முக்கால் மணி நேரம் என்று போட்டிருந்தேன். சொன்னேன்.

"ஒரு மணி நேரமாப் போடுங்களேன். வேலையில நின்னா நின்னதுக்குத் தக்க எண்ணிக்கை கொறையும், கூலியும் கொறையும். ஒரு நா, எதையும் எண்ணாம சும்மா நிக்கணும்க்கா."

சாப்பாட்டு நேரத்தில் கால் மணியை வெட்டி, ஒரு மணி நேரமாக்கினேன். அவள் முன்னாலேயே அடித்துத் திருத்தினேன்.

3. நானும்தான்

கிளம்புகிற அன்று, எங்களோடு வருகிற கம்பெனி மேனேஜர் ஆள் வைத்துப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். "கிஃப்ட் பாக்ஸும்மா. ராமேஸ்வரத்துல லாட்ஜ்காரரு, கோயில்ல தெரிஞ்சவுக நாலு பேருக்குக் குடுக்கணும்" என்றார்.

சிவகாசிக்காரர்கள் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பட்டாசுப் பெட்டி, டாக்டரைப் பார்க்கப் போனாலும் பட்டாசுப் பெட்டி, பையனுக்குக் காலேஜ் சீட் கேட்கப் போனாலும் பட்டாசுப் பெட்டி. மற்ற ஊர்க்காரர்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போவதைப் போல நாங்கள் வெடியைத் தூக்கிக்கொண்டு போவோம். பயணிகள் பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கண்ணில் படாது. என் கண்ணிலும் படவில்லை. தண்ணீர் கேனை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்ததே நான்தான். டிக்கியில் ஏற்றுவதைக் குறிக்கிற லோடு சீட்டில், "கிஃப்ட் பாக்ஸ் 12, மேனேஜர்" என்று என் கையாலேயே எழுதினேன்.

4. செக்போஸ்ட்

எஸ்.ஐ. பெட்டியைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். எல்லாரையும் இறங்கச் சொன்னார். "யாருதுய்யா இது?" என்று கேட்டார்.

மேனேஜர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "லேபருக யாராச்சும் ஏத்தியிருப்பாக சார். பொம்பளைக, வெவரம் பத்தாது."

நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மாள் முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, பொறி பறந்துரும்னு தெனமும் கேட்டுல வச்சு எங்க கொண்டையில ஊக்கு இருக்கான்னு தடவிப் பாக்கச் சொல்லுவீக. செல்லு கொண்டாந்தா வீட்டுக்கு வெரட்டுவீக. இன்னைக்கு மருந்த அடியில வச்சு அதுமேல எங்கள உக்காத்தி வச்சிருக்கீக. இப்ப நாங்கதேன் ஏத்துனோம்னு வாய் கூசாமச் சொல்றீகளே, நல்லாருக்கா?"

நான் லோடு சீட்டை எஸ்.ஐ. கையில் கொடுத்தேன். "சார், எழுதுனது நான். ஏத்துனது இவரு. இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். எஸ்.ஐ. என்னையும் சேர்த்து வாங்கு வாங்கு என்று வாங்கினார். வாங்க வேண்டியதுதான். ஒரு பொறி விழுந்திருந்தால் யாருக்குப் பதில் சொல்லியிருப்பேன்?

பெட்டிகளைப் பத்திரமாக அப்புறப்படுத்த ஆள் வந்து, வாக்குமூலம் எழுதி, மேனேஜரை யாரோ வந்து ஜாமீனில் எடுத்து, எல்லாம் முடிய மதியம் ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. அதுவரை நாற்பது பேரும் கருவேல மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் பாத்ரூமைத் திறந்துவிட்டார்.

5. திரும்பியது

இனிமேல்தான் நான் செய்த வேலை. மேனேஜர் கம்பெனி முதலாளியிடம் போனில் பேசிவிட்டு வந்தார்.

"வண்டியத் திருப்பச் சொல்லும்மா. முதலாளி ஊருக்கு வரச் சொல்லிட்டாரு."

எனக்கு நேரம் மனப்பாடம். அப்போது கிளம்பினாலும் மூன்றரைக்குள் அரிச்சல்முனை. சாயங்காலம் வரைக்கும் வண்டி விடுவார்கள். கோயிலை விட்டுவிட்டாலும் ஒரு மணி நேரம் தாராளமாக நிற்கலாம். அதைச் சொன்னேன்.

"அடுத்த சீசனுக்கு நம்ம கம்பெனிக்கு ஒங்க வண்டி ஓடணுமா, வேண்டாமா?" என்றார்.

எங்கள் வேன் பன்னிரண்டு அந்தக் கம்பெனிக்குத்தான் ஆள் ஏற்றுகிறது. நான் டிரைவரைப் பார்த்து, "திருப்புங்கண்ணே" என்றேன். போலீஸ் முன்னால் இருந்த வீறாப்பு ஆர்டர் முன்னால் போன இடம் தெரியவில்லை. பஸ்ஸில் யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். பேச்சியம்மாள் மட்டும், "கடல் இங்கேருந்து எம்புட்டுத் தூரம்க்கா?" என்று கேட்டாள். பக்கம்தான். நான் பிளான் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பரமக்குடி தாண்டி ஒரு ஓட்டலில் நிறுத்தினோம். மேனேஜர் ஒரு ஃபிளெக்ஸ் பேனரை எடுத்து விரித்தார். சிவகாசியில் அச்சடித்தது. நீலக் கடல், அலை, மேலே கம்பெனி பெயர், 'தொழிலாளர் கடலோரச் சுற்றுலா'. அதை ஓட்டல் வாசலில் கட்டி, முன்னால் பெண்களை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். "சிரிங்கம்மா" என்று வேறு சொன்னார். பாவம், சிலர் சிரிக்கவும் செய்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் பேனருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அந்தப் போட்டோ இன்றைக்கும் கம்பெனி ஆபீஸில் மாட்டியிருக்கிறது. உற்றுப் பார்த்தால் கடலுக்குக் கீழே இரண்டு கால் தெரியும். செருப்பில்லாத கால்.

மறுவாரம் திரும்பக் கூட்டிப்போகலாமா என்று கேட்டேன். "அதான் டூர் போயாச்சே" என்றார் மேனேஜர். ஆபீஸ் பேச்சு வேண்டாம், நானே ஒரு வேன் எடுக்கிறேன் என்று பேச்சியம்மாள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். காப்பி கொடுத்தாள், பொங்கலுக்குச் சுட்ட முறுக்கு கொடுத்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "ஒங்க கூடயாக்கா? நீங்க பாதியிலயே திரும்பிருவீகளே."

என் வேலையைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

பிள்ளைகளா, டிக்கியைப் பார்ப்பது சின்ன விஷயம், குனிந்தால் தெரிந்துவிடும். வண்டியைத் திருப்பு என்று எவராவது சொன்னால், அந்த உத்தரவைப் போட்ட ஆள் அந்த பஸ்ஸில் சீட் போட்டு உட்கார்ந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் போனை வைத்துவிட்டு உள்ளே ஏறி, உட்கார்ந்திருக்கிறவர்களைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.