பளபள ஹாலுக்குள் ஒரு மாடு

பசங்களா, போன வாரம் ஆம்பூரில் எங்கள் தெருவில் ஒரு கிரகப்பிரவேசம். விடியற்காலையில் எழுப்பினால் முறைக்கிற என் பெண், அன்று எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள். வீட்டுக்குள் மாடு வரப்போகிறதே!

மாடு எங்கிருந்து? பக்கத்துக் காலி மனையிலிருந்துதான். சுலோச்சனாக்காவின் மாடு. எங்கள் தெருவுக்கே பால் ஊற்றுகிறவர் அவர். முன்பு நிறைய மாடுகள் வைத்திருந்தார். அவை மேய்ந்த இடமெல்லாம் பிளாட் போட்டுவிட்டார்கள். தவிடு, புண்ணாக்கு விலையும் ஏறியது. மிஞ்சியது ஒரு மாடு, ஒரு கன்று.

அதுவும் இங்கே இருக்கக் கூடாது என்றவர் யார் தெரியுமா? கிரகப்பிரவேச வீட்டுக்காரரேதான்! ஷூ கம்பெனியில் மேனேஜர். சாணி நாற்றம், ஈ, கொசு என்று காலி மனையின் சொந்தக்காரரிடம் சொல்லிச் சொல்லி, மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகும்படி அக்காவிடம் சொல்ல வைத்துவிட்டார். கட்ட வேறு இடம் இல்லை. மாட்டை விற்க அக்கா தரகரிடம் பேசிவிட்டார்.

அப்புறம்தான் மேனேஜருக்கு ஞாபகம் வந்தது... புது வீட்டில் மாடும் கன்றும் முதலில் நுழைய வேண்டுமே! வேறு தெருக்களில் தேடினாராம். கிடைக்கவில்லை. அக்காவிடமே வந்து கேட்டார். அக்கா மறுக்கவில்லை.

மாடு வாசலிலேயே நின்றுவிட்டது. டைல்ஸ் அப்படி வழவழப்பு. அக்கா கோணி விரித்தார். அடிமேல் அடி வைத்து வந்த மாடு, ஹால் நடுவில் நின்று... சாணி போட்டது.

மேனேஜரின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மேனேஜர் செல்போனில் படம் எடுத்தார். நாற்றமா? யார் மூக்குக்கும் தெரியவில்லை!

அக்கா மெதுவாகக் கேட்டார்: "வெளிய போட்டா நாத்தம், உள்ள போட்டா லட்சுமியா சார்? அப்ப மாடு இங்கியே இருக்கட்டுமே."

"நல்ல நாளும் அதுவுமா இன்னாத்துக்குக்கா அந்தப் பேச்சு?" என்றபடி தாம்பூலப் பையை நீட்டினார் மேனேஜர்.

இரண்டு நாளில் வண்டி வந்தது. மாடும் கன்றும் போய்விட்டன. எங்கள் வீட்டில் இப்போது பாக்கெட் பால்.

நேற்று அக்காவுடன் பேசிக்கொண்டிருந்தேன். மேனேஜர் வந்தார். பாகாயத்தில் அவர் மச்சான் வீடு கட்டியிருக்கிறாராம். மாடு வேண்டுமாம். விற்றாயிற்று என்றதும், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"பால் பாக்கெட்டு மேல மாடு படம் இருக்குது சார். அத்தப் புடிச்சிகினு உள்ள போவச் சொல்லுங்க" என்றார் அக்கா.

ஒரு நாள் நம் வீட்டுக்குள் வருகிற மாடு, பசங்களா, மீதி நாளெல்லாம் எங்காவது நின்றாக வேண்டும் அல்லவா?