ஒரே பையில் இரண்டு பிரதிகள்

பல் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. கூட்டம் குறைந்த வேளைகளில் மடிக்கணினியைத் திறந்து, ஏழு வருடமாக ஒரு நாவல் எழுதிவந்தாள். லேத்துப் பட்டறையில் இரண்டு விரல்களை இழந்த அப்பாவின் கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சொல்லச் சொல்ல, அவர் பேச்சை அப்படியே தட்டச்சு செய்துகொள்வாள்.

"எனக்கும் ஒரு காப்பி அனுப்பிவைடி. திறந்துகூடப் பார்க்க மாட்டேன்" என்றாள் அக்கா.

"அரைவேக்காட்டைப் போய் யாருக்குக் குடுக்கறதுக்கா? முடியட்டும். பென் டிரைவ்ல இன்னொண்ணு பத்திரமா இருக்கு."

அந்தப் பென் டிரைவ் இருந்ததோ மடிக்கணினிப் பையின் பக்கவாட்டு அறையில். அப்பா இறந்த நான்காம் மாதம், ரயிலில் அவள் கண்ணயர்ந்த இருபது நிமிடத்தில் பையே போய்விட்டது. என்னென்ன தொலைந்தது என்று காவல் நிலையத்தில் கேட்டபோது, மடிக்கணினி என்று மட்டும் சொன்னாள்.

அக்கா ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

மறுபடி முதலிலிருந்து எழுதினாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எழுதியதை அக்காவுக்கு அனுப்பினாள். விபத்து நடந்த வருடம், பட்டறை முதலாளி சொன்ன சாக்கு, எல்லாம் நினைவுக்கு வந்தன. அப்பா அவற்றைச் சொன்ன விதம் மட்டும் வரவில்லை.

"விரல் போனதைப் பத்தி ஏதோ சொல்லிச் சிரிப்பாரே, என்னக்கா அது?"

"உன்கிட்டதானேடி சொன்னாரு. எனக்கெப்படித் தெரியும்?"

மூன்று வருடத்தில் புத்தகம் வெளிவந்தது. அதில் அப்பா அதிகம் பேசுவதில்லை.