மூக்கில் வைத்த பொட்டு

எங்கள் கிளைடரில் உட்கார்ந்தால் முகத்துக்கு நேராக நான்கு வட்டக் கருவிகள் இருக்கும். வேகத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று சொல்ல ஒன்று, திசைக்கு ஒன்று. எல்லாம் முள் வைத்தவை. எஞ்ஜின் இல்லாத விமானத்தில் காற்றை மட்டும் நம்பிப் போகிறவனுக்கு அந்த முட்களைப் போல் துணை கிடையாது என்று பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்காதவர்களிடம் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

பகா ஊருக்குப் பக்கத்தில், செம்பனைப் பழத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் ஓர் ஆலையில் எனக்கு வேலை. கொதிகலன், நீராவிக் குழாய், எண்ணெய்த் தொட்டி என்று அங்கே இருக்கும் அத்தனை அழுத்தமானிகளையும் சரிபார்ப்பது என் பொறுப்பு. முள் தப்பாகக் காட்டுகிறது என்று யாராவது வந்து நின்றால், குழாய் அடைத்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் கருவிமேல் குற்றம் இருக்காது. அதற்குப் போகும் மெல்லிய குழாயில் அழுக்கு இருக்கும். இதை எத்தனை பேருக்கு எவ்வளவு கர்வத்தோடு சொல்லியிருக்கிறேன் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

ஆலையைத் தாண்டி, உரம் தூவும் விமானங்களுக்காகத் தோட்டத்தில் ஒரு காலத்தில் வெட்டிய ஓடுபாதை உண்டு. புல் முளைத்த செம்மண் பாதை. இரண்டு பக்கமும் செம்பனை, கடைசியிலும் செம்பனை. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பறக்கிறோம். பழைய லாரியில் பொருத்திய வின்ச் நீண்ட கம்பியைச் சுருட்டி இழுக்க, பட்டம் ஏறுவதுபோல் கிளைடர் ஏறும். மேலே போய்க் கம்பியைக் கழற்றிவிட்டால் அப்புறம் காற்று விட்ட வழி. மறுநடவுக்காக மரங்களைச் சாய்த்து வெறுமையாகப் போட்டிருக்கும் மண்ணிலிருந்து சூடான காற்று எழும். அதற்குள் நுழைந்ததும் ஏற்றம் காட்டும் முள் தயங்கித் தயங்கி மேலே போகும். அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு ஜென்மம் எடுக்கலாம்.

கிளைடர் எனக்கும் என் தங்கையின் கணவருக்கும் பொது. ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள். மாப்பிள்ளை அம்பாங்கானில் கார்களுக்குத் திரையும் கேமராவும் பொருத்தும் கடை வைத்திருக்கிறார். தொழில் புத்தி எங்கே போகும்? ஒரு ஞாயிறு காலை நான் வந்து பார்த்தபோது, என் நான்கு முட்களுக்கு நடுவே உள்ளங்கை அளவில் ஒரு டிஜிட்டல் திரை உட்கார்ந்திருந்தது. பின் இருக்கையிலும் அதேபோல் ஒன்று. வேகம், உயரம், ஓடுபாதைக்கு இன்னும் எவ்வளவு தூரம், எல்லாம் எண்ணாக வந்தது. ஏறுகாற்று கிடைத்தால் பீப் பீப் என்று கத்தவும் செய்தது.

நான் சும்மா விடவில்லை. முள் எங்கே நிற்கிறது என்பதோடு எங்கே போகப் பார்க்கிறது என்பதையும் காட்டும், உங்கள் எண்ணுக்குக் குதிக்க மட்டும்தான் தெரியும் என்றேன். பேட்டரி போனால் உங்கள் திரையில் தலை வாரிக்கொள்ளலாம் என்றேன். அவர் எதற்கும் கோபப்பட மாட்டார். சிரித்துக்கொண்டே திரையைத் துடைப்பார். அந்தச் சிரிப்புதான் எனக்கு எரிச்சல்.

ஆயுத பூஜை ஒரு சனிக்கிழமை வந்தது. ஆலையில் கொதிகலன் முதல் லாரி வரை எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். அழுத்தமானிகளுக்கு என் கையால்தான் பொட்டு. கிளைடருக்கும் அப்படியே செய்துவிடலாம் என்று தங்கை சந்தனத்தைக் குழைத்துத் தட்டோடு வந்தாள். இறக்கைகளுக்கும் வாலுக்கும் அவள் வைத்தாள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். கருவிகளுக்கு நான் வைத்தேன். நான்கு முட்களின் கண்ணாடி ஓரத்திலும் அழகாக ஒவ்வொரு பொட்டு. திரைக்கு மட்டும் வைக்கவில்லை. ஏன் என்று தங்கை கேட்டதற்கு, அது ஆயுதம் இல்லை, கைப்பேசிக்குத் தம்பி என்றேன். மாப்பிள்ளை வழக்கம்போல் சிரித்தார். மிச்சம் இருந்த சந்தனத்தை எல்லாம் வழித்து, நெற்றிக்கு வைப்பதுபோல் கிளைடரின் மூக்கு நுனியில் பெரிய பொட்டாக அப்பினேன். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

அந்த மூக்கு நுனியில்தான் ஒரு துளை இருக்கிறது. எதிரே வரும் காற்று அதற்குள் புகுந்து எவ்வளவு அழுத்துகிறதோ, அதை வைத்துத்தான் முள்ளுக்கும் திரைக்கும் வேகம் தெரியும். எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் அழுத்தம் பார்க்கிறவனாக இல்லை, சாமி கும்பிடுகிறவனாக இருந்தேன். மாலையில் ஈரத்துணியால் துடைத்தேன். வெளியே இருந்தது போய்விட்டது. உள்ளே போனது அங்கேயே காய்ந்துவிட்டது.

மறுநாள் பறப்பதற்கு முன் மூக்கைத் தடவிப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருந்தது. நான் முன்னால், மாப்பிள்ளை பின்னால். வின்ச் இழுத்தது. வேகமுள் சோம்பலாக எழுந்து ஐம்பதைத் தாண்டி நின்றது. லாரிக்காரர் சரியாக இழுக்கவில்லை என்று நினைத்தேன். மணிக்கு அறுபத்தைந்து கிலோமீட்டருக்குக் கீழே போனால் எங்கள் கிளைடர் காற்றில் நிற்காது, விழுந்துவிடும். அவசரமாகக் கம்பியைப் பாதி உயரத்திலேயே கழற்றிவிட்டு, வேகம் கூடட்டும் என்று மூக்கைத் தாழ்த்தினேன். முள் அறுபது. திரையும் அறுபது. இரண்டும் அப்படி ஒன்றுபோல் சொல்லி நான் பார்த்ததே இல்லை. இரண்டு சாட்சிகளும் ஒரே பேச்சு பேசினால் சந்தேகப்பட என்ன இருக்கிறது? இன்னும் தாழ்த்தினேன். வெளியே காற்று ஊளையிட்டது, நான் காதில் வாங்கவில்லை. ஓடுபாதைக்கு நேராகத் திரும்பியபோது கடைசியில் நிற்கும் மரங்கள் விறுவிறுவென்று பெரிதாகி வந்தன. எனக்குப் பயம் வந்துவிட்டது, சாவுப் பயம். தங்கையிடம் என்ன சொல்வார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது.

பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. சாப்பிட வாங்க என்று கூப்பிடுகிற அதே குரல்.

“மச்சான், முள்ளப் பாக்காதீங்க. அது பொய் சொல்லுது. என் நம்பரும் பொய்தான்.”

“அப்ப வேகம் எவ்வளவு மாப்ள?”

“நூத்தி முப்பது. சேட்டலைட் காட்டுது. இன்னைக்கு காத்தே இல்ல லா, அத நம்பலாம். மூக்கத் தூக்குங்க, நான் சொல்லிக்கிட்டே வர்றேன்.”

அவர் தன் திரையில் வேறு பக்கத்துக்கு மாறியிருந்தார். அந்தப் பக்கத்து வேகம் மூக்குத் துளையை நம்பியிருக்கவில்லை. நாங்கள் தரைக்கு மேல் எவ்வளவு விரைவாகக் கடக்கிறோம் என்பதைச் சேட்டலைட் வழியே கணக்கிட்டுச் சொல்வது. காற்று இல்லாத நாளில் அதுவும் எங்கள் வேகமும் ஒன்றுதான். நான் மூக்கைத் தூக்கினேன். முள் நாற்பதுக்கு இறங்கியது. தாழ்த்து, தாழ்த்து என்று உடம்பு முழுவதும் கத்தியது. அவர் நூற்றிருபது என்றார், நூற்றுப்பத்து என்றார், நூறு என்றார். குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. தொண்ணூறு என்றதும் இறக்கைமேல் எழும் பிரேக்கை முழுவதுமாக இழுத்தேன். சக்கரம் மண்ணைத் தொட்டது, குதித்தது, மறுபடி தொட்டது. நின்றபோது முதல் மரத்தின் குலையில் எத்தனை பழம் பழுத்திருக்கிறது என்று எண்ணும் தூரத்தில் இருந்தோம்.

மாப்பிள்ளை இறங்கி, ஓர் ஓலையிலிருந்து ஈர்க்கைக் கிழித்து, மூக்குத் துளைக்குள் விட்டுச் சுற்றினார். மஞ்சளாக ஒரு சிறு கட்டி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என் உள்ளங்கையில் வைத்தார். ஊருக்கெல்லாம் குழாயைப் பார் என்று சொன்னவன், என் கையாலேயே எங்கள் இருவரின் குழாயையும் அடைத்திருந்தேன். புல்லில் உட்கார்ந்து அழுதேன். அன்று அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. தங்கையிடம் மட்டும் சொல்ல வேண்டாம், பூஜையில் குறை வந்துவிட்டது என்று மனசு உடைந்துபோவாள் என்றார். இப்படிப்பட்ட மனிதரையா இத்தனை நாள் சீண்டிக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த வருடமும் அவள் தட்டோடு வந்தாள். சந்தனம் எடுத்த விரல் மூக்கை நோக்கிப் போனதும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்று கை நீட்டிவிட்டோம். அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். இனி மறைக்க முடியாது. எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன்.

அவள் தட்டிலிருந்த சந்தனத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“அந்தச் சந்தனத்தக் கொழச்சது நான்தானேண்ணே?”

அப்பியது என் கை, உன்மேல் தப்பு ஒன்றும் இல்லை என்றேன். மாப்பிள்ளை குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களைக் கீழே கொண்டுவந்தது எது என்று அவள் கேட்டாள். நான் திரையைக் காட்டினேன். அவள் தட்டை என் பக்கம் நீட்டினாள்.

சந்தனத்தைத் தொட்டேன். திரையின் ஓரமாக, எண் மறையாதபடி பொட்டு வைத்தேன்.