தெற்குச் சுவரில் இரண்டு ஜன்னல்

என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனி பஸ் ஓட்டுகிறார். விடிவதற்கு முன்பே கிளம்பி ஊர் ஊராக ஆள் ஏற்றிக் கம்பெனியில் இறக்கிவிடுவார். மறுபடி சாயங்காலம்தான் வண்டி எடுப்பார். நடுவில் மத்தியானம் ஒன்றுதான் அவருக்குத் தூக்கம். மாதனூர் பக்கம் நாங்கள் இருந்த ஷீட் வீட்டு வெக்கையில் அந்தத் தூக்கமும் இல்லை. ஒருநாள் ஸ்டியரிங்கில் கண் அசந்துவிட்டதாகச் சொன்னார். வண்டி நிறைய பெண்கள் இருந்தார்களாம். அன்றைக்கே முடிவு பண்ணினேன், இந்த மனுஷன் தூங்குவதற்கென்றே ஒரு வீடு கட்டுவது என்று.

"எல்லாம் நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். பார்த்துக்கொண்டேன். ஏசி கிடையாது. சுவருக்கு மண் கல். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு. குளியலறையையும் படிக்கட்டையும் மேற்கே தள்ளினேன், வெயில் அவற்றின் மேலேயே விழுந்து தொலையட்டும். வேப்ப மரத்தை வெட்ட விடவில்லை.

நாங்கள் மனை வாங்கிய தெருவில் மத்தியானத்துக்கு மேல் தெற்குக் காற்று பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கும் தெற்கே ஜன்னல் கிடையாது. எமன் திசை என்று பயந்து சாகிறார்கள் என நினைத்துக்கொண்டேன். மேஸ்திரியும் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, தெக்கால ஜன்னல் வேணாங்க்கா. இங்க யாரும் வெக்க மாட்டாங்க."

"எமன் வந்தா நான் பேசிக்கறேன். நீ வெய்யி."

அவர் சிரித்துவிட்டு இரண்டு பெரிய ஜன்னல் வைத்தார். சாயங்காலம் அதே கம்பெனியில் என் ஷிப்ட் முடிந்து வந்து, கதவு போடாத அந்த ஜன்னலில் நின்று காற்று வாங்குவேன். வாழ்க்கையில் அவ்வளவு கர்வம் எனக்கு வந்ததில்லை.

பால் காய்ச்சியது விடியற்காலையில். அப்போது காற்று இல்லை. மறுநாள் ஞாயிறு. மத்தியானம் அவர் படுத்தார், காற்று வந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வெளிச்சம் கூசுகிறதாக்கும் என்று இருந்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய் இரண்டு ஜன்னலையும் அடித்துச் சாத்தினார்.

"தோல் ஷாப் கழிவுத் தண்ணி கால்வா நாத்தம். கொடலப் பிடுங்குது."

"இன்னா நாத்தம்?" என்றேன்.

என்னையே பார்த்தார். சமையலறைக்குப் போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து என் மூக்கருகில் நீட்டினார். ஒன்றுமில்லை. பினாயில் பாட்டிலைக் கொண்டுவந்தார். அதிலும் ஒன்றுமில்லை.

கம்பெனியில் எனக்கு ஒட்டுகிற செக்‌ஷன். நாள் முழுக்க முகத்துக்கு நேரே சொல்யூஷன் பசை. புதிதாக வரும் பெண்கள் தலை வலிக்கிறது என்பார்கள். போகப் போகப் பழகிவிடும் என்று நான்தான் சொல்வேன். எனக்கும் பழகிவிட்டது என்றே இருந்தேன்.

அழுகை வரவில்லை. கோபமாவது வந்திருக்கலாம், அதுவும் இல்லை. டப்பாவை மூடி இருந்த இடத்தில் வைத்தேன்.

ஜன்னலைச் சாத்தினால் வீட்டில் புழுங்குகிறது. அவர் இப்போது கம்பெனி வாசலில் புளிய மரத்து நிழலில் நிறுத்தியிருக்கும் பஸ்ஸிலேயே படுத்துக்கொள்கிறார். அங்கே தூக்கம் வருகிறதா என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட்டதும் அங்கே போய்விடுகிறார். அவர் போன பிறகு நான் இரண்டு ஜன்னலையும் திறந்துவைத்து அவருடைய கட்டிலில் படுக்கிறேன். நல்ல காற்று. படுத்ததும் தூங்கிவிடுகிறேன்.