கன்றுகளை வரைந்த எவர்ட்

எங்கள் டச்சு கிராமமான ஓஸ்டர்வேனில் எவர்ட் பிளாங்கஸ்போர் பார்த்த வேலை வேறு யாருக்கும் வாய்க்காதது. எந்த வீட்டில் கன்று பிறந்தாலும் சைக்கிளில் போய் நிற்பார். கையில் ஓர் அட்டை. அதில் மாட்டின் இரண்டு பக்கமும் வெறும் கோடாக அச்சடித்திருக்கும். கன்றின் உடம்பில் சிவப்பு எங்கே, வெள்ளை எங்கே என்று குனிந்து பார்த்து, அப்படியே மையால் வரைவார். மாடு கிழடானாலும் அந்தத் திட்டுகள் மாறாது. ஓர் அட்டை கால்நடைச் சங்கத்துக்கு, ஒன்று அவரிடம். இடது காலைத் தாங்கித் தாங்கி நடப்பார் என்பதால் பட்டாளத்தில் அவரை எடுக்கவில்லை.

என் அப்பா ஹார்மனுக்கு அவரைச் சீண்டாவிட்டால் காப்பி இறங்காது.

"என்ன எவர்ட், மாட்டுக்கெல்லாம் பாஸ்போர்ட் எழுதுறியே, எந்த ஊருக்கு அனுப்பப் போற?"

"உன் மூஞ்சியையே பாத்துச் சலிச்சுப் போச்சாம். அமெரிக்கா போகணும்னு கேக்குது."

1939இல் போலந்துக்குள் ஜெர்மானியர் நுழைந்ததும் எங்கள் பள்ளத்தாக்கின் முகமே மாறிவிட்டது. கிரெப்பே அரண் வரிசை எங்கள் புல்வெளிகளின் குறுக்கேதான் போயிற்று. சிப்பாய்கள் பதுங்குகுழி தோண்டினார்கள், சிமென்ட் அறைகள் கட்டினார்கள், எதிரி கடந்து வர முடியாதபடி மதகைத் திறந்து தாழ்ந்த நிலங்களில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். அப்பாவின் புல்வெளியில் பாதி ஏரியாகிவிட்டது. நாம் எந்தப் பக்கமும் சேராத நாடு, நம்மை யார் தொடப்போகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். அப்பாவோ, "தொட்டான்னா ரெண்டே நாள்ல பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் வந்து நிப்பான்" என்பார்.

"வந்தா சந்தோஷம்" என்றார் எவர்ட். "வர்ற வரைக்கும் மாடுங்க எங்க நிக்கும்னு யோசிச்சியா?"

அப்பா யோசித்திருக்கவில்லை.

1940 மே பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை விடியலில் விமானங்கள் தலைக்கு மேல் போயின. சற்று நேரத்தில் உத்தரவு வந்தது. ஊரே படகேற வேண்டும், ஆளுக்கு ஒரு பை மட்டும். மாடுகளைச் சிப்பாய்கள் மேற்கே ஓட்டிப்போவார்கள்.

எவர்ட் தன் பெட்டி நிறைய அட்டைகளை அடுக்கினார். மனைவி ரிக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"போர்வை எங்க? சர்ச்சுக்குப் போடுற கோட்டு எங்க?"

"இதுல எடமில்ல ரிக்கா."

"குளிருக்கு அட்டையைப் போத்திக்குவியா?"

திட்டிக்கொண்டே அவள் இரண்டு பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டாள். அதனால் அவள் பையில் அவருடைய போர்வைக்கு இடம் வந்தது.

எங்களுக்குக் கிடைத்தது நிலக்கரிப் படகு. மதியத்துக்குள் எல்லோர் முகமும் ஒரே கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பெந்தெகொஸ்தே திருநாள். கரிமூட்டைகள் கிடந்த இடத்திலேயே உட்கார்ந்து சங்கீதம் பாடினோம். செவ்வாயன்று ராட்டர்டாம் நகரம் குண்டுவீச்சில் எரிந்து, அந்தப் பக்கம் வானம் முழுக்கப் புகை. நம் படை ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டது என்று படகோட்டி வந்து சொன்னார். "அப்ப, வர்றேன்னவங்க?" என்று அப்பா கேட்டார். பிரெஞ்சுப் படை தெற்கே எல்லை தாண்டி வந்து, அடிபட்டுத் திரும்பியது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

படகை விட்டு இறங்கியதும் மாடுகளை ஆற்றோரப் புல்வெளிகளில் கண்டோம். பத்துப் பதினைந்து ஊர் மாடுகள், ஆயிரக்கணக்கில், ஒன்றோடொன்று கலந்து, மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தன. வார முடிவுக்குள் உரியவர் நிரூபிக்காத மாடெல்லாம் ஜெர்மன் படையின் சமையலுக்குப் போகும் என்று அறிவித்துவிட்டார்கள்.

எவர்ட் ஒரு மேசையை இரவல் வாங்கிப் புல்வெளி நடுவில் போட்டார். பக்கத்தில் முத்திரையோடு அந்த ஊர் எழுத்தர். கொஞ்சம் தள்ளி ஒரு ஜெர்மன் சார்ஜென்ட். அப்பாவின் சிவப்பு மாட்டை வேற்றூர்க்காரர் ஒருவரும் தன்னுடையது என்றார். எவர்ட் அட்டையை உருவினார்.

"இடது தோள்ல வாத்து மாதிரி ஒரு வெள்ளை. பின்னங்கால்ல சாக்ஸ் போட்டாப்ல. போய்ப் பாருங்க."

வாத்து இருந்தது. சாக்ஸும் இருந்தது. அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் விதவை நீல்ட்யே வந்தாள். அவளுக்கு இருந்தது ஒரே மாடு. அதை ஒருநாளும் பதிவு செய்ததில்லை.

"என்னோட அட்டை இருக்காதுல்ல?" என்றாள், மாட்டின் கழுத்தில் கை வைத்தபடி.

எவர்ட் சர்ச்சில் மூப்பர். வாழ்நாளில் பொய் சொன்னதாக யாரும் கேட்டதில்லை. பெட்டியின் அடியிலிருந்து வெற்று அட்டை ஒன்றை எடுத்தார். மாட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். உட்கார்ந்து வரைந்தார். மூலையில் வரைந்த தேதியாக 1936 ஏப்ரல் என்று எழுதி எழுத்தரிடம் நீட்டினார்.

எழுத்தர் அட்டையைப் பார்த்தார், நீல்ட்யேவைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "மை இன்னும் காயல. ஊதிட்டுக் குடுங்க" என்றார்.

எவர்ட் ஊதினார். முத்திரை விழுந்தது. நீல்ட்யே மாட்டை ஓட்டிக்கொண்டு சார்ஜென்ட்டுக்கு முன்னாலேயே போனாள்.

ஐந்து நாளில் முந்நூற்றுச் சொச்சம் மாடுகள் உரியவரிடம் சேர்ந்தன. நீல்ட்யே மாட்டை ஓட்டிப்போன அன்று மாலை எவர்ட் ரிக்காவிடம் மட்டும், "நான் ஒரு பொய் எழுதிட்டேன்" என்றாராம். "ஒண்ணுதானா?" என்று கேட்டுவிட்டு அவள் ரொட்டியை வெட்டினாளாம்.

ஊர் திரும்பினால் மூன்றில் ஒரு வீடு எரிந்து கிடந்தது. எவர்ட் வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. ஜெர்மன்காரன் போக இன்னும் ஐந்து வருஷம் ஆனது, அந்த வருஷங்கள் வேறு கதை. ஆனால் ஜூனில் வயல் தண்ணீர் வடிந்தது. கோடை முடிவதற்குள் மாடுகள் பழைய இடங்களில் மேய்ந்தன. எவர்ட் வீட்டுக்கு ஓடு வேய்ந்தது அப்பா. கீழே நின்று எவர்ட் அண்ணாந்து பார்த்தார்.

"கோணலா வைக்கிறியே ஹார்மன்."

"மழை மட்டும் நேராவா பெய்யுது? அடுத்த ஓட்டை எடு."